யாருடைய மானத்திற்குச் சட்டம்?



அவதூறுச் சட்டத்தைப் பற்றிப் பேசும்படி சொன்னார்கள். மானம் எல்லோருக்கும் வேண்டியதுதானே, அதைக் காக்கும் சட்டத்தில் என்ன குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். மானத்தின் மீது எனக்கொரு ஆட்சேபணையும் இல்லை. யாருடைய மானம் என்பதே என் கேள்வி.

அதன் பிறப்பைப் பாருங்கள். இங்கிலாந்தில் 1275-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அரசனையும் பெரிய பிரபுக்களையும் பற்றிக் குடிகளிடையே பொய்க்கதை பரப்புகிறவனை, அக்கதையை முதலில் கட்டினவனைக் கொண்டுவந்து நிறுத்தும் வரையில் சிறையில் வைக்கவேண்டும் என்பது அதன் சாரம். குடியானவனைப் பற்றிப் பிரபு பொய் சொன்னால் என்ன செய்வதென்று அந்தப் பிரிவில் பேச்சே கிடையாது!

அதிலாவது பொய் சொன்னவனுக்குத்தான் தண்டனை. பின்னால், 1600-க்குப் பிறகு, "ஸ்டார் சேம்பர்" என்னும் ராஜாங்கக் கோர்ட்டு, சொன்னது மெய்யாயிருந்தாலும் குற்றம் குற்றமே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. வில்லியம் பிரின் என்ற வக்கீல் நாடகங்களைக் கண்டித்துப் புத்தகம் எழுதினார். அரசியே நாடகத்தில் நடிப்பவளாகையால் அது அவளைக் குத்தியதாகும் என்று 1634-ல் அவர் காதுகளை அறுத்தார்கள். மதகுருமார்களைக் கண்டித்ததற்காக 1637-ல் மிச்சக் காதையும் அறுத்துக் கன்னத்தில் சூடும் போட்டார்கள். அக்கோர்ட்டு 1641-ல் ஒழிந்தது. ஆனால் அதன் புத்தி ஒழியவில்லை. கிரிமினல் அவதூறுக் கேசில் "நான் சொன்னது நிஜம்" என்று வாதாட 1843-ல்தான் இடம் கிடைத்தது. அதுவும் பொது நன்மைக்காகச் சொன்னதென்றும் காட்டினால்தான்.

அதே நிபந்தனையைத்தான் 1860-ல் நம் தலையில் கட்டிய பீனல் கோடின் 499-வது செக்ஷனிலும் வைத்தார்கள். ஊர்ப்பணத்தைத் தின்றவனைத் தின்றான் என்றால், தின்றதை ருஜுப்பித்தால் போதாது. கேசு முடியும் மட்டும் அலைவது சொன்னவன்தான். தவறினால் இரண்டு வருஷம் வரை சிறை.

தோழர்களே, அச்செக்ஷனின் 4-வது விளக்கத்தை நம்மில் எத்தனை பேர் படித்திருப்போம்? ஒருவனுடைய ஜாதியைப் பொறுத்த மதிப்பைக் குறைத்தாலும் அவனுக்கு மானக்கேடாம்! இங்கிலாந்தில் 2009-ல் கிரிமினல் அவதூறையே எடுத்துவிடச் சட்டம் செய்தார்கள். இங்கேயோ 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லுமென்றது. 2024 ஜூலையில் பழைய கோடு போய்ப் புதியது வந்தபோது 499 என்பது 356 ஆயிற்று. ஜாதி என்ற வார்த்தையும் பத்திரமாகக் கூடவே வந்துவிட்டது.

மேல்ஜாதிக்காரனைக் கீழ்ஜாதி என்றால் அவன் மதிப்புக் குறைந்ததென்று பிராது கொடுக்க இதில் இடமுண்டு. அக்கீழ்ஜாதியிலேயே பிறந்து தினமும் அப்பெயராலேயே வசவு வாங்குகிறவன், எந்த மதிப்புக் குறைந்ததென்று கோர்ட்டில் காட்டுவான்? குறைவதற்கு ஊரார் முதலில் ஏதாவது கொடுத்திருக்க வேண்டாமா? அவனைப் பலர் முன்னிலையில் இழிவுபடுத்துவது குற்றம் என்று எழுதிய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது 1989-ல். 499 அதற்கு 129 வருஷம் மூத்தது.