மாட்டுக்கு உறவான ஒரு பழைய இரலை
(காமயகவுண்டன்பட்டியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதைபடிவம் என்றதும் நம் மாணவர்கள் டைனோசரைத்தான் சொல்கிறார்கள். நான் இன்று சொல்லப்போவது நம் மலைமாட்டுக்குத் தூரத்து உறவான ஒரு விலங்கைப் பற்றி. அதன் பெயர் டிராகோபோர்டாக்ஸ். ஏறத்தாழ 1 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, பின் அடியோடு மறைந்துபோன இரலைப் பேரினம் அது.

மான் வேறு, இரலை வேறு. மேகமலைக் காட்டில் உள்ள மிளாவும் புள்ளிமானும் மான்கள். அவற்றின் கிளைக்கொம்பு உதிர்ந்து மீண்டும் முளைக்கும். இரலையின் கொம்போ ஆடு, மாட்டின் கொம்பைப் போன்றது. உள்ளே எலும்பு, அதன்மேல் நகம் போன்ற உறை. அது கிளைக்காது, உதிராது.

விலங்கு இறந்தபின் உறை மட்கிவிடும். உள்ளிருக்கும் கொம்பெலும்பும் பற்களும் வண்டலில் புதைந்து கல்லாகும். டிராகோபோர்டாக்ஸின் கொம்பெலும்பை வெட்டிப் பார்த்தால் ஏறத்தாழ முக்கோணமாக இருக்கும். முன்பக்கம் வரப்புப் போன்ற விளிம்பு உண்டு. இதைக் கொண்டுதான் இனம் காண்கிறார்கள்.

இமயமலையிலிருந்து இறங்கிய ஆறுகள் குவித்த வண்டலே சிவாலிக் படிவுகள். 1830களில் கால்வாய்ப் பொறியாளர் காட்லியும் மருத்துவர் ஃபால்கனரும் அங்கே ஏராளமான எலும்புகளைச் சேகரித்தனர். 1922இல் அமெரிக்கரான பார்னம் பிரவுன் பெருந்தொகுப்பு ஒன்றைத் திரட்டினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய பில்கிரிம், அத்தொகுப்பை ஆராய்ந்து 1937இல் டிராகோபோர்டாக்ஸ் என்ற பெயரைச் சூட்டினார். ஐரோப்பாவில் கிடைத்த இதன் உறவினங்களுக்கு முன்பு டிராகோசெரஸ் என்று பெயர். அப்பெயர் ஏற்கெனவே ஒரு வண்டுக்கு வைக்கப்பட்டிருந்ததால் அது செல்லாமல் போயிற்று. அறிவியலில் பெயரும் திருத்தத்துக்கு உட்பட்டதே என்று மாணவர்களுக்குச் சொல்ல இது நல்ல சான்று.

அக்காலத்தில் என்ன நடந்தது? சிவாலிக்கின் பழைய மண்ணிலுள்ள கார்பனை ஆராய்ந்தபோது, சுமார் 80 லட்சம் முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காடு சுருங்கிப் புல்வெளி பரவியது தெரிந்தது. தழை மேய்ந்த விலங்குகள் பல குறைந்தன. புல் மேய்பவை பெருகின. ஒரு விலங்கின் அழிவைப் படிக்க, அது தின்ற தாவரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் கூடப் பரவியிருந்த இக்குழுவில் இன்று எஞ்சியிருப்பவை நீலானும் நாற்கொம்பு மானும் மட்டுமே. இரண்டுக்கும் இயற்கை வாழிடம் நம் இந்தியத் துணைக்கண்டம்தான். வெளிமானைவிட மாட்டுக்கே இவை நெருங்கிய உறவு. திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் பழங்கற்காலக் கருவிகள் கிடைத்த அகழாய்விலும் நீலானின் புதைபடிவப் பல் கிடைத்துள்ளது. நாற்கொம்பு மான் முதுமலையில் இன்றும் உண்டு. ஆனால், உலக அளவில் அது அழிவாய்ப்புள்ள இனம். இவ்விரண்டும் போனால் அந்த நெடிய கிளையே முடிந்துவிடும்.

"நம் சுருளி மலையில் ஏன் புதைபடிவம் கிடைக்கவில்லை?" என்று ஒரு பிள்ளை கேட்கலாம். அதுவே பாடத்தின் நல்ல தொடக்கம். நம் மலைப்பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. பூமிக்கடியில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. அவை உருவானபோது கொம்புள்ள விலங்கே உலகில் இல்லை. எலும்பு கல்லாக வண்டல் வேண்டும். பெரியாற்றுத் தண்ணீர் வயலில் படியவிடும் வண்டலைக் காட்டினாலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள். உறை கழன்ற பழைய மாட்டுக்கொம்பு ஒன்றைக் கொண்டுவந்து, உறையையும் கொம்பெலும்பையும் தனித்தனியே மேசையில் வையுங்கள். "லட்சம் ஆண்டுகள் கழித்து இதில் எது மிஞ்சும்? ஏன்?" என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். அவர்கள் தொட்டுப் பார்த்து, காரணம் காட்டிச் சொல்லட்டும். சான்றிலிருந்து முடிவுக்கு வரும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.