கொட்டும் மேளமும் குடிமக்கள் குரலே!

(உழவர்களும் உத்தியோகத்தர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் ஒரு நடன ஊர்வலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதுவும் கடல் கடந்து, ஜேர்மனி நாட்டின் பேர்லின் நகரிலே நடந்த ஊர்வலம். "உரத்துக்கும் தண்ணீருக்கும் போராடும் எமக்கு, அயல்நாட்டு இளைஞர் ஆடிய ஆட்டத்தால் ஆவதென்ன?" என்று உங்களிற் பலர் உள்ளத்துள் வினவுவது எமக்குக் கேட்கிறது. எமது பேச்சு ஆட்டத்தைப் பற்றியதன்று. அந்த ஆட்டத்தின்மேல் எழுந்த வழக்கைப் பற்றியது. மக்கள் வீதியிலே கூடும்போது, அது கருத்தா, வெறுங் கூத்தா என்று தீர்மானிப்பது யார்? எந்த அளவுகோலைக் கொண்டு? இதுவே அவ்வழக்கின் உயிர்நாடி.

வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். 1989ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதி, மேற்குப் பேர்லினின் பெருவீதியொன்றிலே ஏறக்குறைய 150 இளைஞர்கள், வண்டிகளில் ஒலிபெருக்கிகளை ஏற்றி, இயந்திர இசைக்கு ஆடியபடி சென்றனர். 'லவ் பரேட்', அதாவது அன்பு ஊர்வலம், என்பது அதன் பெயர். அரசியல் ஊர்வலமென்றே அதனைப் பதிவு செய்திருந்தனர். அதே ஆண்டு நவம்பரில் பேர்லின் மதில் வீழ்ந்தது. கிழக்குப் பகுதியிலே கேட்பாரற்றுக் கிடந்த களஞ்சியங்களிலும் நிலவறைகளிலும் 'டெக்னோ' என்னும் அவ்விசை குடிபுகுந்தது. ஒரு மதிலால் பிரிக்கப்பட்டு வளர்ந்த இளைஞர்கள் தோளோடு தோள் நின்ற இடங்களுள் அந்த இருட்டறைகளும் அடங்கும்.

ஆனால், கூட்டம் பெருகிய இடத்திலே வணிகம் வந்து சேராதிருக்குமா? 1999ஆம் ஆண்டில் 15 இலட்சம் பேர் கூடினர் என்று அன்பு ஊர்வலத்தார் கணக்குச் சொன்னார்கள். 150 பேரோடு தொடங்கிய ஊர்வலத்திலே விளம்பர வண்டிகள் அணிவகுத்தன. மறுபுறத்திலே, சிறிய இசைக்கூடங்கள் கதவடைக்கத் தொடங்கின. உலகப் போர்க் காலத்துப் பதுங்கு கூடமொன்றில் இயங்கிய பேர்பெற்ற இசைக்கூடம் 1996இல் மூடப்பட்டது. இதற்கு எதிர்ப்பாக 1997இல் மற்றோர் ஊர்வலம் புறப்பட்டது. முதலில் 'வெறுப்பு ஊர்வலம்' என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டு அதற்குச் சூட்டிய பெயர், தாய்மார்கள் வீற்றிருக்கும் இம்மேடையிலே உச்சரிக்கத் தகாத ஆங்கில வசைச்சொல். ஆகவே, 'எதிர் ஊர்வலம்' என்றே அதனை அழைப்போம். பெயர் முரடாயினும் கோரிக்கை தெளிவானது: எம் இசையை விலைப்பண்டம் ஆக்காதீர், நாம் கூடும் இடங்களைப் பறிக்காதீர்!

2001ஆம் ஆண்டிலே நகர அதிகாரிகள் இரண்டு ஊர்வலங்களையும் நோக்கி, "நீங்கள் நடத்துவது சட்டம் காக்கும் பொதுக்கூட்டம் அன்று, வெறுங் களியாட்டம்" என்றனர்.

இதன் பொருளை உழவர் பெருமக்கள் கூர்ந்து நோக்க வேண்டும். பொதுக்கூட்டமாயின், அந்நாட்டிலே முன்கூட்டி அறிவித்தாற் போதும்; அனுமதிக்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. களியாட்டமாயின், வீதியைப் பயன்படுத்த அனுமதி பெறவேண்டும்; குப்பை அள்ளும் செலவும் தலையிலே விழும். அறிவித்தல் வேறு, அனுமதி கேட்டல் வேறு. முன்னையது உரிமை, பின்னையது சலுகை. பணம் படைத்தவன் எந்தச் செலவையும் தாங்குவான். ஏழைக் கூட்டத்தின் வாயை அடைக்கத் தடியடி எதற்கு? ஒரு செலவுப் பட்டியல் போதும்!

வழக்கு ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குச் சென்றது. 2001 யூலை 12ஆந் திகதி அம்மன்றம் இரு தரப்பாருக்கும் இடைக்கால நிவாரணம் மறுத்தது. கேளிக்கையே மேலோங்கி நிற்கும் நிகழ்ச்சி பொதுக்கூட்டம் ஆகாது என்றது. எனினும், பொதுமக்கள் கருத்தை உருவாக்கும் கருவியாக இசையும் நடனமும் பயன்படுமாயின் அவற்றுக்கும் பாதுகாப்பு உண்டென்றும், ஐயம் எஞ்சுமிடத்து அதனைப் பொதுக்கூட்டமாகவே நடத்த வேண்டுமென்றும் அதே மன்றம் கூறியது.

எதிர் ஊர்வலத்தார் சோர்ந்து போகவில்லை. ஆறாண்டு வழக்காடினர். 2007 மே 16ஆந் திகதி சமஷ்டி நிர்வாக நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. துண்டுப்பிரசுரம், பதாகை, பேச்சு போன்ற கருத்துக் கூறுகள் அனைத்தையும் முதலில் எண்ணுக. கேளிக்கைக் கூறுகளைப் பின்னர் எண்ணுக. இரண்டையும் நிறுத்துப் பார்க்க. எப்பக்கம் கனதி என்று துணிய முடியாவிடின், சுதந்திரத்தின் பக்கமே தராசு சாயட்டும். இதுவே அத்தீர்ப்பின் சாரம்.

அன்பு ஊர்வலம் என்னவாயிற்று? அது ஓர் உடற்பயிற்சி நிலைய அதிபரின் கைக்கு மாறி, வேறு நகரங்களுக்குப் பெயர்ந்தது. 2010 யூலை 24இல் டூயிஸ்பேர்க் நகரிலே நெரிசலில் 21 உயிர்கள் மாண்டன. குற்றவியல் வழக்கு 2020இல் தீர்ப்பின்றியே முடிவுற்றது. மக்களைக் கூட்டுவோர் மக்களின் உயிருக்கும் பொறுப்பாளிகள் என்பதை எம்மைப் போன்ற அமைப்பாளர்கள் மறத்தலாகாது.

அன்பர்களே! இந்தக் கேள்விக்கு எமது தீவிலே அதற்கு முன்னரே விடை கிடைத்துவிட்டது. 1992 யூலை 1ஆந் திகதி எதிர்க்கட்சியினர் 'ஜன கோஷா' என்னும் ஒலிப் போராட்டத்தை நடத்தினர். மணி அடித்தும், மேளம் கொட்டியும், வாகனங்களின் ஹோர்ன் ஒலித்தும் எதிர்ப்பைக் காட்டுவதே திட்டம். பொலிசார் தலையிட்டனர்; விவகாரம் உயர் நீதிமன்றம் ஏறியது. 1993இலே நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பளித்தார். பேச்சுச் சுதந்திரமும் கருத்து வெளியிடும் சுதந்திரமும் நாவோடு நிற்பவையல்ல. மேளத்தின் ஒலியும் கருத்தாகும் என்பது அதன் பொருள். எமது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் உரிமைக்கு, கொழும்பிலே எழுதப்பட்ட உரை இது!

இவ்விடத்திலே நாம் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஊர்வலமென்றாற் கறுப்புக் கோட்டும் வெள்ளை வேட்டியும் முன்னே செல்லவேண்டுமென்று நினைத்தவர்கள் நாம். ஒருமுறை பறையோடு வந்த தோழர்களை, "இது சாவீடன்று" என்று சொல்லிப் பின்வரிசைக்கு அனுப்பினோம். அவர்கள் மறுமொழி பேசாது பின்னே சென்றனர். அன்று பேர்லின் அதிகாரியின் ஆசனத்திலே அமர்ந்திருந்தவர்கள் நாமே! எந்த ஒலி மானமுள்ளது, எந்த ஒலி இரைச்சல் என்று எமது சாதித் திமிரால் தீர்ப்பளித்தோம். சொந்த ஊர்வலத்தில் சமத்துவம் இல்லாதவன், அரசிடம் சமத்துவம் கேட்க எந்த முகத்தோடு செல்வான்?

பேர்லினின் டெக்னோ பண்பாடு 2024 மார்ச்சிலே ஜேர்மனியின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நேற்று இரைச்சல், இன்று மரபுரிமை! அப்பட்டம் வரும்வரை அந்த இளைஞர்கள் காத்திருக்கவில்லை. வீதியிலே ஆடினார்கள், மன்றிலே வாதாடினார்கள்.

ஆகவே, அடுத்த ஊர்வலத்துக்குப் புறப்படும்போது மேளத்தோடு வாருங்கள், துண்டுப்பிரசுரத்தையும் மறவாதீர்கள். கோரிக்கையை எழுதிக் கையிலே வைத்திருங்கள். அதுவே மன்றிலே எமக்குச் சாட்சி. கவச வாகனத்தின்முன் உழவன் ஆங்கிலத்திலே பேச வேண்டியதில்லை. அவன் கொட்டும் மேளமே அவன் பேச்சு. இம்முறை பறை முன்வரிசையிலே செல்லும். அதன் பின்னே நாம் நடப்போம்.