கடைக்கு எந்த போன்?



இன்டர்நெட் அழைப்பு வந்த பிறகு கடைக்கு லேண்ட்லைன் எதற்கு என்று நம் வியாபாரிகள் கேட்கிறார்கள். செலவைப் பார்த்தால் நியாயம்தான். (அமீரகத்துக்கு வாட்ஸ்அப்பில் பேச முடியாது, துபாயில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இது தெரியும்.)

ஆனால் கரண்ட் போனால்? பழைய செம்புக் கம்பி இணைப்புக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வருகிறது. கார்ட்லெஸ் அல்லாத சாதாரண போன் இருட்டிலும் மணியடிக்கும். இன்டர்நெட் போனுக்கு மோடம் ஓட வேண்டும். பைபருக்கு மாற்றிய லேண்ட்லைனும் அப்படியே. இதைப் பலர் கவனிப்பதில்லை.

மாறுவதை நாங்கள் தடுக்கவில்லை. மோடத்தை இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டு மாறுங்கள். மருந்துக்கடை, ஆம்புலன்ஸ் நடத்துபவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். போர்டிலும் பில் புத்தகத்திலும் உள்ள எண் புதிய இணைப்பில் தொடருமா என்று கேட்டு உறுதிசெய்யும் வரை பழையதைச் சரண்டர் செய்யாதீர்கள்.