விழாவுக்கு வந்த நாய்

(மகாவீரர் முக்தி நாள் விழாவையொட்டி நெருப்பெரிச்சலில் ஆற்றிய உரை)



தத்துவ உரைகளையே கேட்டுப் பழகிய இவ்வவையில் வளர்ப்பு நாயைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், முன்வரிசையில் சிலர் புன்னகைப்பதைக் காண்கிறேன். பொருள் சிறியதுதான். ஆயினும் இதன் பொருட்டு நம் குடும்பங்கள் சில ஒன்றோடொன்று பேசாமலிருப்பதை நீங்களும் அறிவீர்கள்.

வந்தவாசி, போளூர், திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பின்னலாடைத் தொழிலை நம்பி இங்கு வந்தவர்கள் நம்மிற் பலர். ஊரில் நாய் கழனிக்கும் திண்ணைக்கும் இடையே தன்போக்கில் நடமாடியது. எவரும் அதைத் திருமணத்துக்கு அழைத்துச் சென்றதில்லை. இங்கோ இரண்டு அறை வீட்டில் அது பிள்ளைபோல் வளர்கிறது. வளைகாப்புக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் மகிழுந்தில் ஏறி வருகிறது. சிலர் முகம் சுளிக்கின்றனர். உடனே, "கொல்லாமை பேசும் நாமே ஓர் உயிரை விரட்டலாமா?" என்று உரியவர் கேட்கின்றார். "சமவசரணத்தில் விலங்குகளுக்கும் இடமுண்டே!" என்று ஓர் இளைஞர் என்னிடமே வாதிட்டார்.

நல்ல கேள்வி. பகவானின் திருச்சபையில் பன்னிரு கோட்டங்கள் உண்டென்றும், அவற்றுள் ஒன்று விலங்குகளுக்கென்றும் நம் நூல்கள் கூறுகின்றன. ஆனால் அங்கு வந்த விலங்குகள் தாமாக வந்தன. எவரும் சங்கிலியிட்டு இழுத்து வரவில்லை. அவற்றுக்கென இடமும் தனியே வகுக்கப்பட்டிருந்தது.

சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தை நினைவு கூருங்கள். வேனில் விழாவுக்கு நகரமே திரண்டிருக்கிறது. படைத்த சோற்றில் வாய்வைத்ததென்று ஒரு நாயை அடித்துக் குற்றுயிராக்குகின்றனர். சீவகன் அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கிறது. இப்பகுதியை நாம் அனைவரும் சொல்லுவோம். அதே இலம்பகத்தில், அதே விழா முடிந்து திரும்பும் வழியில், அரசனது பட்டத்து யானையாகிய அசனிவேகம் கட்டுமீறி ஓடிவந்து குணமாலையைக் கொல்ல நெருங்குகிறது. சீவகன் அதை அடக்கி அவளைக் காக்கிறான். இதனை நாம் வீரச்செயலாக மட்டும் படித்துவிடுகிறோம். வகுப்பில் நெடுங்காலம் இவ்விலம்பகத்தை நடத்திய எனக்கு, திருத்தக்கதேவர் இரண்டையும் ஒரே விழாவில் வைத்தது தற்செயலாகத் தோன்றவில்லை. கூட்டத்தினால் விலங்கு துன்புறுகிறது. விலங்கினால் கூட்டம் துன்புறுகிறது. சீவகன் இரு பக்கத்துக்கும் ஓடுகிறான்.

முதலில் விலங்கின் பக்கத்தைப் பார்ப்போம். இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வகுத்துரைக்கிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். மாட்டுக்கும் குதிரைக்கும் எழுதியவை என எண்ணியிருந்தோம். அழகுக்காகக் காதையும் வாலையும் நறுக்குவது எதில் அடங்கும்? மண்டப வாசலில் தகரக் கூரையின்கீழ் நான்கு மணிநேரம் தண்ணீரின்றிக் கட்டிப்போடுவதில் முதற்குற்றமும் ஐந்தாம் குற்றமும் ஒருங்கே அமைந்துவிடுகின்றன. மூடிய மகிழுந்துக்குள் விட்டுவருவது அதனினும் கொடிது. வெயிலில் சிறிது நேரத்திலேயே உள்ளே வெப்பம் உயிர்போக்கும் அளவுக்கு ஏறிவிடும். உள்ளே அழைத்துச் சென்றாலோ தவிலும் ஒலிபெருக்கியும் வெடியும். மனிதர் கேட்கும் ஒலி ஏறத்தாழ 20,000 அதிர்வெண் வரை. நாய்க்கு அது 40,000-க்கும் மேல். நமக்குத் திருவிழாவாக இருப்பது அதற்குப் பேரிடியாகலாம். காதை மடித்து, வாலை ஒடுக்கி, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும் நாயைப் பட்டுத்துணி கட்டி ஒளிப்படத்துக்கு நிறுத்துகிறோமே, அந்த விழாவை விரும்பியது யார்?

இனி மறுபக்கம். பிரமாதம் என்ற சொல்லை இன்று 'மிகச் சிறப்பு' என்னும் பொருளில் வழங்குகிறோம். சமையல் பிரமாதம் என்கிறோம். நம் நூல்களில் பிரமாதம் என்றால் கவனக்குறைவு. அக்கவனக்குறைவோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்பது அதே சூத்திரத்தின் இலக்கணம். "என் நாய் ஒன்றும் செய்யாது" என்பது இக்காலத்துப் பிரமாதம்.

2024 மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில் ராட்வீலர் இன நாய்கள் இரண்டு, ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அவள் அப்பூங்காக் காவலாளியின் மகள். அதன்பின் உரிமம், கழுத்துவார், வாய்மூடி ஆகியவற்றை மாநகராட்சி வலியுறுத்தியது. விலங்கைக் கவனமின்றி வைத்திருந்து பிறர் உயிருக்கு ஆபத்து நேரவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறுமாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

நம் தெருக்களை எண்ணிப் பாருங்கள். இரவு வேலை முடித்து விடியற்காலையில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் நடந்து செல்கின்றனர். துணிச்சுருள் ஏற்றிய வண்டிகள் விரைகின்றன. லைன் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெருவைத் தவிர விளையாட இடமில்லை. நம் நாய் கயிறின்றி வெளிவந்தால் ஓடுவதற்கு அவர்களுக்குப் பூட்டிய வாசல் ஏது? அஞ்சி விலகுபவரைப் பார்த்துச் சிரிப்பதும் பெருங்குற்றம் என்பேன். அச்சத்துக்குக் காரணம் கேட்க நமக்கு உரிமையில்லை.

இரயில்வேயின் வழக்கம் எனக்குப் பிடிக்கும். குளிரூட்டிய முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் பதிவு செய்தவர் தம் நாயை உடன் அழைத்துச் செல்லலாம். முன்பின் அறியாதவர் மடியருகே அதை அமர்த்த இசைவில்லை. விருந்துக்கும் இம்முறை பொருந்தும். அழைத்தவரிடம் முன்னரே கேளுங்கள். அவர் தயங்கினால் அத்தயக்கமே மறுப்பு. முகதாட்சண்யத்தால் 'வாருங்கள்' என்பவரை மீண்டும் வற்புறுத்தாதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்று கைப்பையில் இருக்கட்டும். கழிவை எடுக்கக் காகிதமும் இருக்கட்டும். அபிடேகம் நடக்கும் இடத்துக்கும் பந்திக்கும் அழைத்து வர வேண்டா. கண்ணிழந்தோர்க்கு வழிகாட்டும் பயிற்சி பெற்ற நாயின் நிலை வேறு; அதற்கு இடம் விட வேண்டும். யாரையேனும் கடித்துவிட்டால், யார் குற்றம் என்ற வழக்கைத் தள்ளிவைத்து, ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டில் விட்டுவருவது கொடுமை என்று சிலர் வருந்துகின்றனர். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நமக்கு எத்தனை நாழிகை ஆகிவிடும்? அபிடேகம் வரை ஒருவர் வீட்டிலிருந்து, பந்திக்கு மற்றவர் மாறிக்கொள்ளலாம். வரும் மகாவீரர் ஜெயந்தி அழைப்பிதழில், வளர்ப்பு விலங்குகளோடு வர விரும்புவோர் முன்கூட்டித் தெரிவிக்குமாறு ஒரு வரி சேர்க்கச் செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். மண்டபத்தின் பின்புறம் நிழலுள்ள ஓரிடத்தையும் ஒரு நீர்த்தொட்டியையும் அவற்றுக்கென ஒதுக்கலாம்.

சமையற்கூடத்தாருக்கும் ஒரு சொல். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. நம் விழாச் சமையலில் அவை இல்லை, நல்லதாயிற்று. ஆனால் சர்க்கரைப் பொங்கலில் இடும் உலர்திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மிச்சத்தை அன்பு மிகுதியால் வாசல் நாய்களுக்கு அள்ளி வைக்காதீர்கள். வெறுஞ்சோற்றில் சிறிது தயிர் கலந்து, பந்தி முடிந்தபின், குழந்தைகள் இல்லாத பக்கமாகக் கொண்டுபோய் வையுங்கள்.