மடி பாதுகாப்பன்று
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு, காரில் செல்லும் குழந்தைகளின் பாதுகாப்பு. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றினும், நம் இல்லங்களின் செல்வங்களோடு தொடர்புடைய தலைப்பு இது.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறந்தாங்கியிலும் கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோர ஊர்களிலும், வெளிநாட்டில் பொருளீட்டுவோர் இல்லாத தெரு அரிது. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளையை அதற்குரிய இருக்கையில் அமர்த்தாமல் காரில் அழைத்துச் செல்வது குற்றம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 முதல் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயமாக்கப்பட்டது. மலேசியாவிலும் 2020 ஜனவரியில் இத்தகைய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கெல்லாம் இவற்றைத் தவறாது பின்பற்றும் பெற்றோர், திருச்சி விமான நிலையத்தில் இறங்கியதும் குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு முன்னிருக்கையில் அமர்ந்து ஊர் வந்து சேர்கின்றனர். நாடு மாறியதே தவிர, ஆபத்து மாறவில்லை.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. எனினும் அபராதத்திற்கு அஞ்சி மட்டும் செய்ய வேண்டிய காரியமன்று இது.

தாயின் அணைப்பைவிடப் பாதுகாப்பு ஏது என்று நீங்கள் கேட்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி நின்றால், பிடிப்பின்றி இருக்கும் குழந்தை அதே வேகத்தில் முன்னோக்கி எறியப்படும். அது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்கு நிகர். அக்கணத்தில் 10 கிலோ எடையுள்ள பிள்ளையைப் பிடித்து நிறுத்த, 200, 300 கிலோவைத் தாங்கும் வலிமை கைகளுக்கு வேண்டும். எந்தத் தாய்க்கும் அது இயலாது. தாயும் பெல்ட் அணியாதிருந்தால் அவருடைய உடலே குழந்தையை நசுக்கிவிடும். முன்னிருக்கையிலோ, பெரியவரைக் காக்க விரியும் காற்றுப்பை மடியிலுள்ள மழலையின் தலையைத் தாக்கும்.

ஆகவே பிள்ளைகளின் இடம் பின்னிருக்கையே. கைக்குழந்தையை, ஏறக்குறைய இரண்டு வயது வரையேனும், காரின் பின்புறம் நோக்கி அமரும் இருக்கையில் வைத்தல் வேண்டும். கழுத்தும் முதுகும் அதனால் காக்கப்படும். அதன்பின் முன்னோக்கிய இருக்கையும், வளர்ந்த பிள்ளைக்கு உயரம் கூட்டும் இருக்கையும் உள்ளன. பெல்ட் கழுத்தில் படாமல் தோளின் மீதும், வயிற்றில் படாமல் இடுப்பெலும்பின் மீதும் படியும் உயரம் வந்த பின்னரே பெல்ட் மட்டும் போதுமானது.

விதிப்படி நடக்கும் என்போருக்கு ஒரு சொல். ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு, பின்னர் இறைவன் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். ஒட்டகத்திற்கே அந்தக் கவனம் என்றால் குழந்தைக்கு?

நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். விருந்துக்குரிய பாத்திரங்களைப் பொதுவில் வைத்து இரவல் தருவதைப் போன்று, குழந்தை இருக்கைகள் சிலவற்றையும் வாங்கி வைத்து, விமான நிலையம் செல்லும் குடும்பங்களுக்குத் தந்து உதவலாம். விபத்துக்குள்ளான இருக்கையை மட்டும் மீண்டும் பயன்படுத்தலாகாது.

இறுதியாக, நம் மாவட்டத்தின் வெயிலை நீங்கள் அறிவீர்கள். கண்ணாடி மூடிய காரினுள் பத்தே நிமிடங்களில் வெப்பம் 10 டிகிரி அளவுக்கு உயரக்கூடும். கடைக்குள் சென்று வரும் சிறு பொழுதிற்கும் பிள்ளையைத் தனியே காரில் விட்டுச் செல்லாதீர்கள்.

நம் சந்ததிகளை வல்ல இறைவன் காத்தருள்வானாக! காக்கும் கடமையை நாமும் நிறைவேற்றுவோமாக! வஸ்ஸலாம்.