கழுத்தால் வரும் தலைசுற்றல்



பிள்ளையார்பாளையத்தில் தறியில உட்காருறவங்க, தார் சுத்துறவங்க, பாவு பிணைக்கிறவங்க எல்லாருக்கும் மணிக்கணக்கா தலை குனிஞ்சேதான் இருக்கும். கழுத்துத் தசையும் மூட்டும் இறுகிப் போகும். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு மூளைக்குச் சொல்றது கண்ணும் உள்காதும் மட்டுமில்ல, கழுத்தும்தான். இறுகின கழுத்து தப்பாச் சொன்னா தள்ளாட்டம் வரும்.

ஆனா எல்லாத் தலைசுத்தலும் கழுத்தால வராது. படுக்கையில புரளும்போது சில நொடி சுத்தினா உள்காதுக் கோளாறா இருக்கலாம். ரத்தசோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை குறையுறதும் காரணமாகும். அதனால முதல்ல மருத்துவரைப் பாருங்க. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கு வர்ற தன்னார்வலர்கள் நம்ம குழுப் பெண்கள்தான். அவங்ககிட்டயும் சொல்லுங்க.

கழுத்துதான் காரணம்னா, இயன்முறை மருத்துவரான நான் கையாலேயே மூட்டை மெதுவா நகர்த்தி இளக்குவேன். பயிற்சியும் சொல்லித் தருவேன். ஆஸ்திரேலியாவில் 86 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், இப்படிப்பட்ட இரண்டு கை சிகிச்சை முறைகளிலும் தலைசுற்றல் குறைந்தது.

சுளுக்கு எடுக்கிறோம்னு யாரும் கழுத்தை வெடுக்குன்னு திருப்ப விடாதீங்க. மூளைக்குப் போற ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வரலாம். தலைசுத்தலோட பேச்சு குழறினா, முகம் கோணினா, கைகால் மரத்தா, பார்வை ரெண்டாத் தெரிஞ்சா, உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

அரைமணிக்கு ஒருதரம் வேலையை நிறுத்தி, தோளைச் சுழற்றி நிமிருங்க.