வலி அறியாப் பிள்ளை

பெரக்கரை நாட்டுப் பெற்றோரே!

பிள்ளையை அடித்து வளர்ப்பதா, அணைத்து வளர்ப்பதா என்பது வீடுதோறும் எழும் வினா. விடை தேடித் தொலைவு செல்ல வேண்டா. இக் கொல்லிமலையிலேயே அது கிடைக்கின்றது.

கிறித்துவத் தொண்டர் இணையர்க்கு 1914-இல் பிறந்து, இம் மலையில் வளர்ந்தவர் பால் பிராண்டு. தாயார் எவ்லின், மகனை மரக்கிளையில் அமர்ந்தே பாடம் எழுத விட்டார். இடம் மகனின் விருப்பம். பாடம் தாயின் கட்டளை. ஒன்பதாம் அகவையில் அவரைக் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினர். 1929-இல் தந்தை இம் மலையிலேயே காய்ச்சலால் மறைந்தார். பிரிந்த மகன் அவரை மீண்டும் காணவே இல்லை.

அம் மகனே 1946-இல் மருத்துவராய் வேலூர் வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். அந் நோயாளர் விரல் தேய்வது சதை அழுகுவதாலன்று, வலி உணராமையால் நேரும் புண்களாலேயே என்றும் காட்டினார்.

பெற்றோரே, எண்ணிப் பாருங்கள்! எவ் வலியும் அண்டாது காக்கும் செல்லம், பிள்ளையை உணர்விழந்த கையாக்கும். ஓயாத அடியோ, மடங்கிய கையாக்கும். எனவே, மரமேற விடுங்கள். ஏற்ற பணியை முடிக்காமல் இறங்க விடாதீர்கள்!